பழைய பத்திரங்களிலும் செய்தித்தாள்களிலும் ஒரு கடைவீதிக் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா தென்மாவட்ட ஊர் ஒன்றில் பருத்தியும் பலசரக்கும் மொத்த வியாபாரம் செய்தவர். கடைவீதியில் இரண்டு கடை, ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், பஞ்சு அடைக்க ஒரு கிட்டங்கி. இன்று எதுவும் எங்களிடம் இல்லை. "ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது நாமும் போனோம்" என்பதுதான் வீட்டில் வழிவழியாக வந்த கதை. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் கதவடைத்த, ஊராரிடம் டெபாசிட் வாங்கி வங்கித் தொழிலும் நடத்திய அந்த வெள்ளைக்காரக் கம்பெனியோடு, அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறக்கக் காரணமான அந்த வீழ்ச்சியோடு, எங்கள் குடும்பத்துக்கு உண்மையிலேயே தொடர்பு இருந்ததா என்று பார்க்கக் கிளம்பினேன். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. வழியில் கற்றதையும், இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பரணிலிருந்து. ஆவணக் காப்பகம், நூலகம் எல்லாம் பிறகு. தகரப் பெட்டிக்குள் இருக்கும் வீட்டு வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, கருமாதி ஓலை, மொய் நோட்டு, ஜாதகக் கட்டு, பழைய பேரேடு ஆகியவற்றை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். ஜாதகம் பிறந்த தேதியைத் தரும். கல்யாணப் பத்திரிகை யார் உயிரோடிருந்தார்கள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், கடையின் பெயர் என்ன என்பதைத் தரும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, மடித்த மடிப்பை விரித்தபடி வைத்தாலே போதும்.

பிறகு குடும்பத்தின் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். "நம் குடும்பம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெருமைதான் வரும். "கடைக்கு வடபுறம் யார் கடை? உப்பு எங்கிருந்து வரும்? தீபாவளிக்குத் துணி யார் கடையில் கடன் வாங்குவார்கள்?" என்று கேளுங்கள். பின்னால் பத்திரத்தில் நான்கெல்லை படிக்கும்போது அந்தப் பெயர்கள்தான் கைகொடுக்கும்.

பத்திரத்தைக் காட்டுங்கள் என்றால் உறவினர்கள் முகம் மாறுகிறதே?

மாறத்தான் செய்யும். நம் ஊரில் பத்திரம் கேட்பவன் பாகம் கேட்க வருகிறான் என்றுதான் அர்த்தம். வரலாறு எழுதப் போகிறேன் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். எனக்கு ஒரு மாமா, பூட்டிய பீரோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் பேசி, காபி கொடுத்து அனுப்பிவைத்தார். நான்காவது முறை போனபோது என் கையில் ஏற்கெனவே பதிவு அலுவலகத்தில் வாங்கிய நகல் இருந்தது. அதை அவரிடம் கொடுத்து, "இதில் உங்கள் தாத்தா கையெழுத்து இருக்கிறது" என்றேன். அன்றுதான் பீரோ திறந்தது.

கேட்கப் போகாதீர்கள், கொடுக்கப் போங்கள். எவர் பெயரில் இன்றும் நிலம் இருக்கிறதோ அவருடைய தற்போதைய பட்டா, மதிப்பு பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். நடப்பில் வழக்கு இருக்கும் சொத்து என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. உங்கள் குறிப்பேடு நாளைக்கு ஒரு தரப்பின் சாட்சியமாக இழுபடும்.

எந்த வகைப் பத்திரத்தில் விஷயம் அதிகம்?

கிரயப் பத்திரம் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். வாங்கியது பெருமை அல்லவா! ஆனால் கிரயப் பத்திரம் பெரும்பாலும் ஊமை: இன்னார் இன்னாருக்கு இவ்வளவு ரூபாய்க்கு விற்றார், அவ்வளவுதான். வியாபாரக் குடும்பம் நன்றாக இருந்த ஆண்டுகளில் காகிதம் அதிகம் உண்டாவதில்லை. பணம் முட்டும்போதும் அண்ணன் தம்பி முறைக்கும்போதும்தான் உண்டாகிறது. அதனால் அடமானப் பத்திரம், ஒத்திப் பத்திரம் (கடன் தீரும்வரை சொத்தைக் கடன் கொடுத்தவரே அனுபவிப்பது), பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) ஆகியவற்றை முதலில் தேடுங்கள்.

அடமானத்தில் கடன் ஏன் வாங்கப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும்: "இன்னாருக்குக் கொடுக்கவேண்டிய உண்டியல் பாக்கிக்காக" (உண்டியல் என்பது வியாபாரிகளின் பணமாற்றுச் சீட்டு), "மகள் கல்யாணச் செலவுக்காக", "பஞ்சு முன்பணத்துக்காக". வட்டி விகிதம் இருக்கும். முந்தைய கடன்கள் வரிசையாக இருக்கும். இரண்டு அடமானத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வட்டி ஏறுவதிலிருந்தே கடைவீதியில் அந்தப் பெயருக்கு இருந்த நாணயம் எப்படி இறங்கியது என்று தெரிந்துவிடும்.

பாகப்பிரிவினை அதைவிடப் பெரிய புதையல். நிலம், வீடு மட்டுமல்ல, வெள்ளிப் பாத்திரம், மாட்டு வண்டி, கடைச் சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன், கோயில் கட்டளையை யார் நடத்துவது என்பது வரை அட்டவணை அட்டவணையாக இருக்கும். யார் கையெழுத்துப் போட்டார், யார் ரேகை வைத்தார், மைனருக்காக யார் கார்டியன் என்பதிலிருந்தே குடும்ப மரத்தில் பாதி வரைந்துவிடலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னவென்று கேட்பது?

சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865 வாக்கில் தொடங்கியது. இப்போது நடப்பில் உள்ளது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து ஆவணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் சிறிய கடை விற்றது கூடப் பதிவாகியிருக்கும்.

பதிவேடுகளுக்கு எண் உண்டு. புத்தகம் 1 அசையாச் சொத்து ஆவணங்களுக்கு. புத்தகம் 3 உயிலுக்கு. புத்தகம் 4 பவர் பத்திரம் போன்ற, நிலம் சம்பந்தப்படாத பலவற்றுக்கு. 57-ஆம் பிரிவின்படி புத்தகம் 1-ஐக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயிலின் நகலை எழுதியவர் இறந்த பிறகு எவரும் கேட்கலாம். புத்தகம் 4 மட்டும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், அவர்களுடைய பிரதிநிதிகளுக்குத்தான். இதை நிதானமாக எடுத்துச் சொன்னால் "அதெல்லாம் முடியாது" என்று தொடங்கும் பேச்சு பாதியில் நின்றுவிடும். கத்திப் பேசினால் நிற்காது.

பலர் செய்யும் தவறு, வெறும் வில்லங்கச் சான்று கேட்டுவிட்டுத் திரும்புவது. வில்லங்கம் சொத்தை வைத்துத் தேடுவது. சர்வே எண் தெரியாவிட்டால் அங்கேயே முட்டிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது பெயர் அட்டவணை, அதாவது இண்டெக்ஸ் 1. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள் அதில் எழுத்துவாரியாக இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான். கை முழுக்கத் தூசி படியும். பழைய நாளில் உங்கள் ஊர் எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் இருந்தது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து வந்தவை. தொகுதிகள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கவும் கூடும்.

இணையத்திலேயே பார்த்துவிட முடியாதா?

வில்லங்கம் பொதுவாக 1975-க்குப் பிந்தையதுதான் எளிதாகக் கிடைக்கிறது. கொள்ளுத்தாத்தாவுக்கு அது உதவாது. ஆனால் ஒரு சொத்தின் இன்றைய சர்வே எண்ணையும் அண்மைப் பத்திர எண்ணையும் அங்கே பிடித்து, அந்தப் பத்திரத்தில் குறிப்பிட்ட மூலப்பத்திரத்தின் எண், ஆண்டு வழியாகப் படிப்படியாகப் பின்னோக்கிப் போகலாம்.

பழைய பத்திரத்தைப் படிக்கவே முடியவில்லையே?

முதல் பத்திரம் எனக்கு நான்கு நாள் பிடித்தது. பத்தாவது, அரை மணி நேரம். காரணம், பாதிக்கு மேல் பாடம் செய்த வாசகம். "நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண" என்று தொடங்கினால் புதையல், நீர், மரம், கல் உட்பட எல்லா உரிமையும் விற்கப்படுகிறது என்று பொருள். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றால் வழிவழியாக. இவற்றைக் கண் தாண்டப் பழகினால் மீதி சில வரிகள்தான்.

குறியீடுகளும் அப்படித்தான். ௸ என்று சுழித்திருந்தால் மேற்படி. ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய், ௶ பற்று, ௷ வரவு. எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் கூட்டு வியாபாரத்தின் பங்கையும் அணாக் கணக்கில்தான் சொல்வார்கள். "ரூபாயில் மூன்றரை அணாப் பங்கு" என்பதைப் பார்த்து, வெறும் மூன்றரை அணாவுக்கா சண்டை போட்டார்கள் என்று நான் ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தேன். மொத்த வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அது! 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபிறகுதான் இந்தக் கணக்கு மறைந்தது.

தேதியில் கவனம் வேண்டும். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். குரோதி என்று மட்டும் இருந்தால் 1844-ஆ, 1904-ஆ, 1964-ஆ? முத்திரைத்தாளைப் பாருங்கள். ஏழாம் எட்வர்டின் தலை இருந்தால் 1904. தாளை விற்ற ஸ்டாம்பு வெண்டர் எழுதிய தேதியும் இருக்கும். நில வரிக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஜூலை முதல் டிசம்பர் வரை 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி வரை 824, தை முதல் ஆடி வரை 825.

நான்கெல்லையைத் தாண்டிப் போகாதீர்கள். "வடக்கே இன்னார் மளிகைக் கடை, கிழக்கே ராஜபாட்டை" என்ற இரண்டு வரியை இருபது பத்திரத்திலிருந்து எடுத்து ஒரு பெரிய தாளில் வரைந்தேன். 1890-களின் கடைவீதி முழுதாக எழுந்து நின்றது. எங்கள் குடும்பத்தின் பத்திரமே இல்லாத ஆண்டுகளில், பக்கத்துக் கடைக்காரரின் எல்லைவரியில் கொள்ளுத்தாத்தா இருந்தார். சாட்சிகளையும், பதிவாளர் முன் அடையாளம் காட்டியவர்களையும் குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர் பெரும்பாலும் மைத்துனனாகவோ கணக்குப்பிள்ளையாகவோ இருக்கும்.

எந்தச் செய்தித்தாள்களைப் பார்ப்பது? எங்கே கிடைக்கும்?

ஆங்கிலத்தில் 1878-இல் தொடங்கிய தி ஹிந்து. தமிழில் 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி, 1899-இல் நாளிதழான சுதேசமித்திரன். பிற்காலத்துக்கு 1934-இன் தினமணி, 1942-இன் தினத்தந்தி. ஆனால் சிற்றூர் வியாபாரியைத் தேடுகிறவர் சமூக இதழ்களை விடக்கூடாது. காரைக்குடியிலிருந்து வந்த ஊழியன், குமரன், அருப்புக்கோட்டையிலிருந்து வந்த நாடார் குல மித்திரன் போன்றவற்றில் திருமணம், மரணம், கோயில் திருப்பணி நன்கொடை, கடைத் திறப்பு எல்லாம் ஊர்ப்பெயரோடு வரும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மூன்றும் சென்னையில். கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா செட்டியார் தன் சேமிப்பில் அழைப்பிதழ்கள், துண்டு அறிக்கைகள் முதலானவற்றையும் விட்டுவைக்கவில்லை. அது நமக்கு அதிர்ஷ்டம். காப்பகத்தில் இன்னொரு பொருளும் கேளுங்கள்: சுதேசிப் பத்திரிகைகள் பற்றி அரசு வாரந்தோறும் தயாரித்த ரகசியச் சுருக்க அறிக்கைகள். மூல இதழ் அழிந்துபோனாலும் ஆங்கிலச் சுருக்கம் பிழைத்திருக்கும்.

ஆங்கில இதழ்களில் தேடும்போது அந்தக் கால எழுத்துக்கூட்டலை நினைவில் வையுங்கள். திருநெல்வேலி டின்னெவெல்லி, தூத்துக்குடி ட்யூட்டிகொரின், நாகப்பட்டினம் நெகபட்டம். ஒரே மனிதர் மூன்று விதமாக அச்சாகியிருப்பார்.

செய்தித்தாளில் எதைத் தேடுவது? நாளுக்கு நாள் படிக்க முடியாதே.

முடியாது, வேண்டவும் வேண்டாம். பத்திரத்திலிருந்து ஒரு தேதியைப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஆறு வாரம் படியுங்கள். தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரப் பக்கத்துக்கு நேராகப் போங்கள். கோர்ட்டு ஏல அறிவிப்பு, திவால் மனு அறிவிப்பு, "இன்னாருக்கு இனி எங்கள் கடை சார்பாகக் கடன் கொடுக்க வேண்டாம்" என்னும் எச்சரிக்கை, கூட்டுக் கலைந்த அறிவிப்பு: இவைதான் இரை.

1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் இதில் நமக்குப் பெரிய உதவி. பதிவான கூட்டு நிறுவனம் கலைந்தால் அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் படிக்கப்படும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 72-ஆம் பிரிவு. நிறுவனப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்கிறது 66-ஆம் பிரிவு. பங்குதாரர் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் அங்கே உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ் இருக்கிறது. ராவ் சாகிப், கான் பகதூர் பட்டம் வாங்கியவர் வீட்டார் பட்டப் பட்டியலை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத் தீர்ப்புத் தொகுப்புகள் உதவுமா?

செய்தித்தாளைவிட அதிகம் உதவும். 1876 முதல் சென்னை வரிசைத் தீர்ப்புத் தொகுப்பு, 1891 முதல் மெட்ராஸ் லா ஜர்னல். பாகவழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் நீதிபதி தீர்ப்பின் முதல் பத்தியிலேயே மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார். வக்கீல் செலவில் தோற்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரே பெயரில் பலர் வருகிறார்களே, எப்படிப் பிரிப்பது?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் இது தீராத தலைவலி. தகப்பன் பெயர், ஊர், தெரு மூன்றும் பொருந்தாமல் ஒருவரை ஒட்டாதீர்கள். நகரத்தார் குடும்பமென்றால் விலாசம் உதவும். கடை நடத்தியவரின் தாத்தா, தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த அந்தச் சுருக்கமே கடையின் பெயர், கையெழுத்து, முத்திரை எல்லாம். ஆனால் விலாசம் ஆளல்ல, கடை. அந்த விலாசத்தில் கையெழுத்திட்டவர் சம்பளத்துக்கு இருந்த ஏஜெண்டாகவும் இருக்கலாம். சுவீகாரம் போனவர் இரண்டு தகப்பன் பெயரோடு வருவார் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

பெண்கள் எங்கே?

தேடும் இடம் வேறு. "இன்னார் பெண்சாதி", "இன்னார் விதவை" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் அட்டவணை அவர்களுடைய சொந்தப் பெயரில்தான் ஓடும் என்பதால் கணவர் பெயரில் அட்டவணையைப் புரட்டினால் அவர்கள் தெரியமாட்டார்கள். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுத் தங்கள் பெயரிலேயே அடமானம் எழுதிவாங்கிய பெண்கள் கடைவீதிகளில் உண்டு. கடன்காரர்கள் நெருக்கும்போது சொத்தை மனைவி பெயருக்கு மாற்றுவதும் உண்டு. கணவர் நொடிக்கும் ஆண்டுக்கு ஓராண்டு முன் மனைவி பெயரில் தோட்டம் வந்தால் இரண்டு முறை படியுங்கள். 1937-ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்துக்குப் பிறகு விதவைகள் பாகப்பிரிவினையில் பங்குதாரராகவே வரத் தொடங்குகிறார்கள்.

கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்கள் என்றால்?

சிங்கப்பூர் எளிது. அந்நாட்டுத் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு உட்பட. இலங்கைக்கு 1841-இன் உதயதாரகை, 1930-இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி. பர்மாதான் கடினம். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் நடையாகத் திரும்பியவர்கள் பேரேட்டைத் தூக்கி வரவில்லை. ஆனால் அங்குள்ள நிலத்தின் மேல் இங்கே எழுதப்பட்ட பாகப்பிரிவினைகளும் உயில்களும் உண்டு. பர்மாவைப் பர்மாவில் தேடுவதற்கு முன் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பதிவு அலுவலகங்களில் தேடிவிடுங்கள்.

1865-க்கு முன்னால்?

இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம், இருந்தால் 1860-களின் இனாம் பதிவேடு. சத்திரம், கட்டளை வைத்திருந்தால் கோயில் கல்வெட்டும் தர்மசாசனமும். இரண்டும் இல்லாத சாதாரண வியாபாரிக்கு ஓலைதான், அதுவும் செல்லரிப்புக்குத் தப்பியிருந்தால்.

கடைசியில், ஆர்பத்நாட் கதை உண்மையா?

இல்லை. கடைவீதியின் தெற்குக் கடை குரோதி வருஷம் ஆடி மாதம், அதாவது 1904-இலேயே அடமானமாகிவிட்டது. அடுத்த ஆண்டு கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரிந்திருக்கிறார்கள். கடன் முழுவதும் மூத்தவர் தலையில், கிட்டங்கி இளையவர் கையில். ஆர்பத்நாட் விழுந்தபோது எங்களிடம் போடுவதற்குப் பணமே இருந்திருக்காது. தம்பியோடு முறைத்துக் கடை இரண்டானதைச் சொல்வதைவிட, வெள்ளைக்காரன் ஏமாற்றினான் என்பது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல மரியாதையான கதை. யார் முதலில் சொன்னார்களோ, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை அம்மாவின் அத்தையிடம் போய்ச் சொன்னேன். தொண்ணூற்றொரு வயது. கண்ணை மூடிக்கொண்டே முழுதும் கேட்டார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அது கிடக்கட்டும். தோட்டம் எங்கள் ஆத்தாள் பெயரில் இருந்தது. அதை யார் எழுதிவாங்கினார்கள் என்று பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. ஆத்தாளின் பெயரில் இண்டெக்ஸைப் புரட்ட வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. வருகிற திங்கட்கிழமை 1898-இலிருந்து தொடங்குகிறேன்.